நன்றி சொல்லும் வீடு: புதிதாகக் குடும்ப ஜெபம் தொடங்குகிறவர்களுக்கு

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள், விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்கள், சின்ன வயதில் அப்பா அம்மாவோடு முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டு இடையில் விட்டுப்போனவர்கள், இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எங்கள் சபையில் புதுத்தம்பதிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, குடும்ப ஜெபத்தை எப்படி ஆரம்பிக்கிறது? என்ன சொல்லி ஜெபிக்கிறது?" நன்றியிலிருந்து ஆரம்பியுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கேட்டுப் பெறவேண்டியவை எப்போதும் நிறைய இருக்கும். அதில் தொடங்கினால் ஜெபம் முழுக்க அதிலேயே போய்விடும்.

ஆனால் கடவுளுக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு, பக்கத்தில் முழங்கால் போட்டிருக்கும் மனுஷிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாத வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் வளர்ந்த வீடும் ஒருவகையில் அப்படித்தான். அப்பா அருமையாக ஜெபிப்பார். "இந்த நாள் முழுவதும் எங்களைக் கண்மணிபோலக் காத்தீரே, ஸ்தோத்திரம்" என்று அவர் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். அதே அப்பா, காலை நாலரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டிய அம்மாவிடம் ஒருநாளும் "நல்லா இருந்துச்சு" என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவர் அன்பில்லாதவர் இல்லை. அப்படிச் சொல்லவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்த வழிகாட்டியை நான் எழுதக் காரணமே அந்த இடைவெளிதான்.

முதலில் சொல்லைப் புரிந்துகொள்ளுங்கள்

சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு 'ஸ்தோத்திரம்' என்ற சொல் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்தால் ஸ்தோத்திரம், பாட்டு முடிந்தால் ஸ்தோத்திரம், சாட்சி சொன்னால் ஸ்தோத்திரம். நம் பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில், துதிப்பதற்கும் நன்றி சொல்வதற்கும் இந்த ஒரே சொல்தான் பெரும்பாலும் வருகிறது. கத்தோலிக்க வீடுகளில் 'நன்றி' என்றே சொல்வார்கள். பிள்ளை பிறந்தாலோ, வீடு கட்டி முடித்தாலோ நன்றித் திருப்பலி வைப்பார்கள். சொல் வேறு, பொருள் ஒன்றுதான்.

கோயிலில் நாம் பங்குபெறும் நற்கருணைக்கு கிரேக்கத்தில் 'யூகரிஸ்தியா' என்று பெயர். அதற்கு நேர்ப்பொருள் நன்றி செலுத்துதல். சிலுவைக்கு முந்தின இரவில், காட்டிக்கொடுக்கப்போகிறவனும் பந்தியில் உட்கார்ந்திருக்க, இயேசு அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார். கிறிஸ்தவ ஆராதனையின் நடுவில் இருப்பது ஒரு சாப்பாட்டு மேசையும் அதில் சொன்ன நன்றியும்தான். ஆகவே உங்கள் வீட்டுச் சாப்பாட்டு இடத்தில் தொடங்குவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

இன்னொன்று. 1 தெசலோனிக்கேயர் 5:18-ல் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்றிருக்கிறது. அந்த 'லேயும்' என்பதைக் கவனியுங்கள். எந்த நிலைமையில் இருந்தாலும் அதற்குள் நின்று நன்றி சொல்வது அது. எபேசியர் 5:20-ல் "எல்லாவற்றிற்காகவும்" என்றும் இருக்கிறது. விசுவாசத்தில் வெகுதூரம் நடந்தவர்கள் அந்த இடத்துக்கு மெல்ல வந்து சேர்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் வசனத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். ஏன் என்று கடைசியில் துக்கத்தைப்பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பத்தே நிமிடம்

முதல் மாதத்தில் பத்து நிமிடத்துக்குமேல் போகவேண்டாம். பெரும்பாலான வீடுகளில் ஜெபம் நின்றுபோவது நீளத்தால்தான். முக்கால் மணி நேரம் இழுத்தால் பிள்ளைகள் தூங்கி விழும், அடுத்த நாள் யாராவது ஒருவர் சாக்குச் சொல்வார், அந்த வாரத்தோடு முடிந்துவிடும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். ஷிப்ட் வேலைக்குப் போகிற வீடு என்றால் காலையில் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் வெளியூரில் இருந்தால் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றப் போன்களை அந்தப் பத்து நிமிடம் வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: தெரிந்த ஒரு பாட்டில் ஒரு சரணம், ஒரு சங்கீதத்தில் நாலைந்து வசனம், அப்புறம் நன்றி, அதற்குப் பிறகுதான் விண்ணப்பம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து இயேசு சொல்லித்தந்த பரமண்டல ஜெபம். எந்தச் சங்கீதம் என்று தெரியாவிட்டால் 103-ல் தொடங்குங்கள். "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று தாவீது தன் ஆத்துமாவிடமே சொல்கிறான். தனக்குத்தானே நினைவுபடுத்திக்கொள்ளவேண்டிய அளவுக்கு அவனுக்கும் மறதி இருந்திருக்கிறது. பிறகு 23, 34, 100, 116, 121, 136. ஒரு மாதத்துக்கு இவையே தாராளம்.

தொடங்கிவைப்பது யார் என்பதில் சண்டை வேண்டாம். கணவர்தான் ஜெபிக்கவேண்டும் என்று சில வீடுகளில் காத்திருப்பார்கள். அவருக்கோ வாய்விட்டு ஜெபித்துப் பழக்கமிராது. யாருக்கு முடிகிறதோ அவர் தொடங்கட்டும். மற்றவர்கள் தாங்களாகச் சேர்ந்துகொள்வார்கள்.

பெயர் சொல்லி, நாள் சொல்லி நன்றி சொல்லுங்கள்

பழகவேண்டியவற்றில் மிக முக்கியமானது இதுதான். இது தானாக வராது.

நம் ஜெபங்களில் ஒரு வாக்கியம் உண்டு: "நீர் செய்த எல்லா நன்மைகளுக்காகவும் உமக்கு ஸ்தோத்திரம்." அதில் தவறில்லை. ஆனால் தினமும் அதையே சொன்னால், எந்த நன்மை என்று மனது தேடாமலே வாய் சொல்லிவிடும். ஆகவே முதல் வாரம் அந்த வாக்கியத்தை எடுத்துவைத்துவிடுங்கள். வீட்டில் ஒவ்வொருவரும் 'இன்று ஒன்று' சொல்லவேண்டும். அது இன்றைக்கு நடந்ததாக இருக்கவேண்டும், இன்னது என்று சுட்டிக்காட்டக் கூடியதாக இருக்கவேண்டும்.

"பஸ்ஸில் நிற்க முடியாமல் இருந்தேன், காலேஜ் பையன் ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான், ஆண்டவரே அதற்காக நன்றி." "மூன்று நாளாக வராத தண்ணீர் லாரி இன்றைக்கு வந்தது." "கணக்குப் பரிட்சையில் பயந்த கேள்வி வரவில்லை." இப்படித்தான் இருக்கும். பெரிய காரியங்களாக இருக்கவேண்டும் என்று இல்லை. எங்கள் மகன் ஆறு வயதில் தொடர்ந்து ஒன்பது நாள் "நாய்க்குட்டி என்னைப் பார்த்து வாலாட்டியது" என்று ஸ்தோத்திரம் சொன்னான். நாங்கள் ஒன்பது நாளும் ஆமென் சொன்னோம்.

லூக்கா 17-ல் வருகிற பத்துக் குஷ்டரோகிகளை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேரும் சுகமானார்கள். திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். "தான் ஆரோக்கியமானதைக் கண்டு" திரும்பினான் என்று எழுதியிருக்கிறது. அந்தக் 'கண்டு'தான் எனக்கு முக்கியம். தன் கையைத் தானே பார்த்தான், தோல் மாறியிருப்பதைக் கவனித்தான், அப்புறம்தான் நன்றி வந்தது. 'இன்று ஒன்று' பழக்கம் நமக்குப் பழக்கித் தருவது அந்தக் கவனிப்பைத்தான். இரண்டு வாரம் போனால், ராத்திரி எதைச் சொல்வது என்று பகலிலேயே கண் தேட ஆரம்பிக்கும்.

ஒன்றுமே தோன்றாத நாளும் வரும். அன்றைக்கு ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் 1662 முதல் இருந்துவரும் பொதுவான நன்றி ஜெபத்தின் வரிசை எனக்குக் கைகொடுக்கும். எட்வர்ட் ரெனால்ட்ஸ் என்ற பேராயர் எழுதியது அது. முதலில் எங்களைப் படைத்ததற்கு, அடுத்து இதுவரை காப்பாற்றியதற்கு, பிறகு இந்த வாழ்வின் நன்மைகளுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக கிறிஸ்துவினால் வந்த மீட்புக்கு என்று படிப்படியாகப் போகும். உதட்டினால் மட்டுமல்ல, வாழ்க்கையினாலும் துதிக்க அருள் தாரும் என்று கேட்டு முடியும். அந்த நாலு படியில் ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்; உயிரோடு இருப்பதற்கே நன்றி சொன்னாலும் அது பொய்யாகாது.

சாப்பாட்டு ஜெபம்

ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன், சாப்பிடவேண்டியவர்கள் ஐயாயிரம் பேருக்குமேல். யோவான் 6-ல் இயேசு, அப்பம் பெருகுவதற்கு முன்பே ஸ்தோத்திரம் பண்ணினார். போதாமல் இருந்ததைக் கையில் வைத்துக்கொண்டு நன்றி சொன்னார். மாதக் கடைசியில் ரசமும் அப்பளமும் மட்டும் இருக்கும் தட்டைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

சாப்பாட்டு ஜெபம் இரண்டு மூன்று வாக்கியம் இருந்தால் போதும். அதில் சமைத்தவரைச் சேருங்கள். "இந்த ஆகாரத்துக்காகவும், இதைச் சமைத்த அம்மாவின் கைகளுக்காகவும் நன்றி" என்று பிள்ளைகள் சொல்லட்டும். சமைத்தது அப்பா என்றால் அப்பா. ஓட்டலில் வாங்கியது என்றால் வெயிலில் கொண்டுவந்து கொடுத்த தம்பி. சாப்பிட்ட பிறகும் ஒருவரி சொல்லலாம். "நீ புசித்துத் திருப்தியடைந்திருக்கையில்" கர்த்தரை ஸ்தோத்திரி என்றுதான் உபாகமம் 8:10 சொல்கிறது. பசியில் நினைப்பது எளிது, வயிறு நிறைந்தபின் மறப்பதும் எளிது என்று தெரிந்து சொன்னதுபோல இருக்கும்.

ஜெபம் முடிந்த கையோடு "உப்புக் குறைவு" என்று தொடங்காதீர்கள். சொல்லவேண்டும் என்றால் தட்டுக் கழுவும்போது மெதுவாகச் சொல்லலாம்.

மனிதர்களுக்குச் சொல்லும் நன்றி

இங்கே ஒரு தமிழ்ச் சிக்கல் இருக்கிறது. நம் வீடுகளுக்குள் 'நன்றி' என்ற சொல் நடமாடுவதில்லை. மேடையில் சொல்வோம், கடிதத்தில் எழுதுவோம். அம்மாவிடம் போய் "நன்றி அம்மா" என்றால், "என்னடி, அந்நியம் மாதிரி பேசுற?" என்பார். எனக்கே அப்படி நடந்தது. புகுந்த வீட்டில் என் அத்தை எனக்குக் காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தபோது "தேங்க்ஸ் அத்தை" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "நான் உனக்கு யாரோவா?" என்று கேட்டார்.

அன்றைக்கு யோசித்தேன். நம் வீடுகளில் நன்றி வேறு வேறு வடிவத்தில் வருகிறது, அந்த வடிவத்தில் சொன்னால்தான் போய்ச் சேரும். சில நாள் கழித்து, "அத்தை, அன்னைக்கு நீங்க வச்ச கஞ்சியிலதான் எனக்கு உசுரே வந்துச்சு" என்றேன். அவர் அதை அடுத்த ஞாயிறு கோயிலில் நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

ஆகவே செய்முறை இதுதான்: 'நன்றி' என்ற சொல் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அவர் செய்ததைச் சொல்லுங்கள், அது உங்களுக்கு என்ன செய்தது என்று சொல்லுங்கள். "நீங்க வந்து வண்டியில கூட்டிட்டுப் போனதாலதான் பிள்ளை நனையாம வந்தான்." "நீ ராத்திரி எழுந்து பாப்பாவைப் பார்த்துக்கிட்டே, நான் மூணு மணி நேரம் தூங்கினேன்." கணவன் மனைவி ஒருவருக்கொருவர் ஒரு நாளைக்கு ஒருமுறையாவது இப்படிச் சொல்லப் பழகுங்கள். முதலில் நாக்குப் புரளாது. ஒரு மாதம் பொறுங்கள்.

வேதத்தில் இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பவர்களுக்கு ரோமர் 16-ஐக் காட்டுவேன். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்று ஒரு கணவனும் மனைவியும் வருகிறார்கள். கூடாரம் பண்ணுகிற தொழில் செய்தவர்கள், வீட்டிலேயே சபை நடத்தியவர்கள். என் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்தவர்கள், அவர்களைக்குறித்து நான் மாத்திரமல்ல, சபையார் எல்லாரும் 'நன்றியறிதலுள்ளவர்களாய்' இருக்கிறார்கள் என்று பவுல் எழுதுகிறார். கடவுளுக்கு நன்றி சொன்னதோடு நிற்கவில்லை. பெயரை எழுதினார், அவர்கள் செய்ததை எழுதினார், எல்லோர் காதிலும் விழும்படி எழுதினார்.

கொலோசெயர் 3-ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை தொடர்ச்சியாக வாசித்துப் பாருங்கள். 15-ஆம் வசனத்தில் "நன்றியறிதலுள்ளவர்களாயுமிருங்கள்" என்று வருகிறது, 17-ல் மறுபடி ஸ்தோத்திரம் வருகிறது, உடனே 18-லிருந்து மனைவிகள், புருஷர்கள், பிள்ளைகள், பிதாக்கள். கல்யாண ஆராதனையில் நாம் 18-ஐத் தனியாகப் பிரித்து வாசிக்கிறோம். அதற்கு முன்னாலிருக்கும் நன்றியை விட்டுவிட்டு அதை வாசித்தால், குடும்பம் என்பது கட்டளைப் பட்டியலாக மட்டும் தெரியும்.

உங்கள் வீட்டில் யாருடைய பெயர் ஜெபத்தில் வரவே இல்லை என்று ஒரு வாரம் கவனியுங்கள். பெரும்பாலும் வேலைக்கு வரும் அக்காவின் பெயர் வராது, மருமகளைப் பெற்றவர்கள் பெயர் வராது. பெண்ணைப் பெற்று, படிக்கவைத்து, அனுப்பிவைத்தவர்களுக்காகப் புகுந்த வீட்டின் ஜெபத்தில் ஒருமுறை நன்றி சொல்லிப் பாருங்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பிறகு நீங்களே பார்ப்பீர்கள்.

பிள்ளைகளிடம் ஒரு எச்சரிக்கை

"சாப்பாடே இல்லாத பிள்ளைங்க எத்தனை பேர் இருக்காங்க, உனக்கு இது கிடைச்சிருக்கு, ஸ்தோத்திரம் சொல்லு." நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். இனிச் சொல்லவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மற்றவனுடைய இல்லாமையைக் காட்டி வரவழைக்கும் நன்றிக்கு வேதத்தில் ஒரு முன்மாதிரி உண்டு, அது நல்ல முன்மாதிரி இல்லை. லூக்கா 18-ல் தேவாலயத்தில் நின்ற பரிசேயனின், அதாவது வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட ஒருவனின், ஜெபமும் ஒரு நன்றி ஜெபம்தான்: நான் மற்ற மனுஷரைப்போல இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்றான். நீதிமானாக வீடு திரும்பியவன் அவன் இல்லை.

பசியோடிருக்கும் பிள்ளைகளைப்பற்றிப் பேசவேண்டும் என்றால், அவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்பதோடு சேர்த்துப் பேசுங்கள். சொல்ல மறுக்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். பதின்வயதுப் பிள்ளை "இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்றால், சரி என்று விட்டுவிட்டு, நீங்கள் அந்தப் பிள்ளைக்காக ஒரு நன்றி சொல்லுங்கள்: "இவள் இன்றைக்குத் தம்பிக்குச் சைக்கிள் செயின் மாட்டிக்கொடுத்தாளே, அதற்காக நன்றி ஆண்டவரே." தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அதற்குத் தெரிவது பெரிய காரியம்.

ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி போட்டு, 'இன்று ஒன்று' சொன்னதை ஒரு வரியில் எழுதுங்கள். தினம் முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மட்டும். எழுதும் வேலையை வீட்டில் கையெழுத்து நன்றாக உள்ளவருக்குக் கொடுங்கள்.

நம் ஊர்களில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் 'எபெனேசர்' என்று பெயர் எழுதியிருக்கும். மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி வைத்த பெயர் அது. பிறகு வருகிறவர்கள் பார்த்து நினைவுகொள்ள ஓர் அடையாளம். அந்த நோட்டு உங்கள் வீட்டுக் கல். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குக் கிளம்புமுன், அதை எடுத்து வரிசையாக வாசியுங்கள். எங்கள் வீட்டில் வசனம் எழுதிய புதுவருட வாக்குத்தத்த அட்டை எடுப்பதைவிடப் பிள்ளைகள் இதற்குத்தான் காத்திருப்பார்கள். என் கணவருக்கு வேலை போன ஆண்டின் நோட்டில், ஜூலை மாதத்தில் ஒரு வரி: "மளிகைக்கடை அண்ணாச்சி, பிறகு கொடுங்க என்றார்." அதை வாசிக்கும்போதெல்லாம் எங்கள் இருவருக்கும் குரல் கம்மும்.

காணிக்கையும் விருந்தும்

வாயில் சொன்ன நன்றி கைக்கும் வரவேண்டும். எபிரெயர் 13-ல் உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலியைச் சொன்ன அடுத்த வசனமே நன்மை செய்யவும் தானதர்மம் பண்ணவும் மறவாதிருங்கள் என்கிறது.

பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் போடுவது நம் சபைகளில் உள்ள வழக்கம். புதிதாக வந்தவர்கள் எவ்வளவு போடவேண்டும் என்று தயங்குவார்கள். இவ்வளவு என்று ஒன்றும் கிடையாது. கடன் வாங்கிப் போடாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் கவரைப் பார்த்துப் போடாதீர்கள். பிள்ளையின் பிறந்தநாள் என்றால் பிள்ளை கையாலேயே போடவிடுங்கள்.

தென் மாவட்டங்களில், விளைச்சலுக்காக நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை பார்த்தவர்களுக்கு ஏலம் தெரியும். முதல் தேங்காய், வாழைத்தார், கருப்பட்டி, முருங்கைக்காய், கோழி என்று வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு தேங்காயைச் சந்தை விலையைப்போலப் பல மடங்கு கேட்டு எடுப்பார்கள், எடுத்தவரே திரும்பவும் ஏலத்துக்கு வைப்பார். நகரத்தில் ஃபிளாட்டில் இருக்கிறவர்களுக்குத் தோட்டம் ஏது? மாடித் தொட்டியில் காய்த்த நாலு கத்தரிக்காயைக் கொண்டுபோங்கள். உபாகமம் 26-ல் முதற்பலன் கூடையைக் கொண்டுவருகிறவன் கூடையை மட்டும் வைத்துவிட்டுப் போவதில்லை. தன் முற்பிதா எப்படி இருந்தான், எகிப்திலிருந்து எப்படி வந்தோம் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். நீங்களும் வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: தாத்தா எந்த ஊரிலிருந்து என்ன கொண்டுவந்தார், யார் உதவினார்கள், எப்படிப் படித்தோம் என்று.

பணமாகக் கொடுக்க முடியாத வீட்டுக்கும் வழி உண்டு. மிசோரத்தில் 1910-ல் 'புஃபாய் தாம்' என்று ஒரு வழக்கம் தொடங்கியது. கைப்பிடி அரிசி என்று பொருள். சமைக்க எடுக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியே எடுத்துவைத்தார்கள். நூறு ஆண்டுக்கு மேலாகியும் அது நிற்கவில்லை. உலை வைக்கும்போது ஒரு டப்பாவில் ஒரு பிடி போட்டுவையுங்கள். மாதக் கடைசியில் தேவைப்படும் ஒரு வீட்டுக்குக் கொடுங்கள்.

வீட்டில் ஸ்தோத்திர ஜெபக் கூட்டம் வைக்கவேண்டும் என்றால் போதகரிடம் பத்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள். எதற்காக வைக்கிறீர்கள் என்பதை, குடும்பத்தில் ஒருவர் எழுந்து ஐந்து நிமிடத்தில் சாட்சியாகச் சொல்லட்டும். சாப்பாடு எளிமையாக இருக்கட்டும். லேவியராகமம் 7:15-ல் ஸ்தோத்திரபலியின் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்கவேண்டும், விடியும்வரை வைக்கலாகாது என்றிருக்கிறது. ஓர் ஆட்டை ஒரு குடும்பம் மட்டும் ஒரே நாளில் சாப்பிட முடியுமா? நாலு பேரைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். அந்த வசனத்தை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். ஆகவே அழைப்பில் கௌரவம் பார்க்காமல், வாட்ச்மேன் குடும்பத்தையும் எதிர்வீட்டு இந்து, முஸ்லிம் சொந்தங்களையும் கூப்பிடுங்கள்.

துக்கத்தில்

எங்கள் அப்பா இறந்த இரண்டாம் நாள், வீட்டுக்கு வந்த ஒருவர் அம்மாவிடம், "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கம்மா, அழக்கூடாது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அம்மா அதற்குப் பிறகு பல மாதம் ஜெபத்தில் வாயே திறக்கவில்லை.

யோவான் 11-ஐ வாசியுங்கள். 41-ஆம் வசனத்தில் லாசருவின் கல்லறை முன் நின்று, பிதாவே உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறார் இயேசு. அதற்கு ஆறு வசனம் முன்னால், 35-ல், "இயேசு கண்ணீர் விட்டார்." அழுதுவிட்டுத்தான் நன்றி சொன்னார். நம் வீடுகளில் அந்த வரிசையை மாற்றாதீர்கள். துக்கவீட்டில் யாரையும் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். கூட உட்காருங்கள், காப்பி போட்டுக் கொடுங்கள், இறந்தவர் உங்களுக்குச் செய்த ஒரு நன்மையைச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவை மறுபடி ஜெபிக்கவைத்தது அதுதான். அப்பாவிடம் படித்த ஒருவர் வந்து, தனக்குப் பள்ளிக் கட்டணத்தை அப்பா மூன்று வருடம் யாருக்கும் சொல்லாமல் கட்டினார் என்றார். அன்று ராத்திரி அம்மா, "இப்படி ஒரு மனுஷனைக் கொடுத்தீரே" என்று மட்டும் சொன்னார்.

'எல்லாவற்றிலேயும்' என்பதற்கு எனக்குப் பிடித்த படம் அப்போஸ்தலர் 27-ல் இருக்கிறது. பதினாலு நாள் புயல், கப்பலில் 276 பேர், யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பவுல் அப்பத்தை எடுத்து எல்லோர் முன்பாகவும் ஸ்தோத்திரம் செய்து சாப்பிட ஆரம்பித்தார். அந்த நன்றி அப்பத்துக்காக. புயலுக்காக அவர் நன்றி சொன்னதாக அங்கே எழுதவில்லை. கப்பல் அதற்குப் பிறகுதான் உடைந்தது. வேலை போன மாதத்தில், நோயின் நடுவில், உங்களால் நன்றி சொல்ல முடிகிற அப்பம் எது என்று பாருங்கள். புயலை நல்லது என்று சொல்லவேண்டியதில்லை.

ஒன்றை உறுதியாகச் சொல்லவேண்டும். அடிக்கும் கணவனோடு வாழ்கிற பெண்ணிடம், "இருப்பதற்கு நன்றி சொல்லிப் பொறுத்துக்கொள்" என்பது கிறிஸ்தவ ஆலோசனை ஆகாது. கொலோசெயர் 3:19 மனைவிகள்மேல் கசந்துகொள்ளாதிருங்கள் என்று புருஷர்களுக்குத்தான் சொல்கிறது. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். பரிட்சை வரும், விருந்தாளி வருவார்கள், சண்டை வரும். சண்டை போட்ட ராத்திரியில் முழங்கால் போட மனம் வராது, எங்களுக்கும் வராது. அப்படி நாலு நாள், பத்து நாள் போய்விட்டால், அத்தனை நாளுக்கும் சேர்த்து நீளமாக ஜெபிக்கப் பார்க்காதீர்கள், யார் காரணம் என்று விசாரிக்காதீர்கள். விளக்கை அணைக்குமுன் படுக்கையில் உட்கார்ந்தபடியே, அன்றைக்கு நடந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் செய்த ஒன்றாக அது இருந்தால் இன்னும் நல்லது. நோட்டில் அடுத்த வரியில் அந்தத் தேதியைப் போட்டு எழுதுங்கள்.